கேட்கும் தூரம்

1925ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸை நோக்கிப் போகும் தடத்தில் ஒரு டாட்ஜ் பக்போர்டு வண்டி நிற்கிறது. முன்னால் உட்கார ஓர் இருக்கை, பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தட்டு. இன்றைய பிக்கப் டிரக்கின் பாட்டன் என்று சொல்லலாம். அதன் பின்சக்கரம் ஒன்று ஜாக்கியின் மேல் அந்தரத்தில் சுழல்கிறது. பஞ்சர் ஒன்றும் ஆகவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, சுழலும் அந்தச் சக்கரத்தால் ஒரு ஜெனரேட்டரை இயக்கி, வண்டியில் ஏற்றி வந்த வயர்லெஸ் பெட்டிக்கு மின்சாரம் எடுக்கிறார்கள்.

வண்டி ஒரு பாதிரியாருடையது. பிரெஸ்பிட்டீரியன் சபையைச் சேர்ந்த ஜான் ஃபிளின், வயது 44. கூட வந்தவர் ஜார்ஜ் டவுன்ஸ், முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய சிப்பாய். ஊழியத்துக்குப் புறப்படுகிறவர் வேதபுத்தகத்தோடு கிளம்புவார். கூடிப்போனால் ஒரு ஹார்மோனியம். இவர் வால்வுகளையும் கம்பிச் சுருளையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். பிரசங்கத்தைத் தூரத்துக்கு அனுப்பும் எண்ணம் அவருக்கு இல்லை. எதிர்த்திசையிலிருந்து குரல் வர ஒரு வழி வேண்டும் என்பதுதான் அவருடைய தேவை.

அந்தத் தேவைக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. 1917இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் ஜிம்மி டார்சி என்ற மாட்டுப்பண்ணைத் தொழிலாளி குதிரையிலிருந்து விழுந்து உள்காயம் பட்டார். நண்பர்கள் அவரை 80 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹால்ஸ் கிரீக்குக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மருத்துவர் இல்லை; போஸ்ட்மாஸ்டர் டக்கெட் இருந்தார், தந்திக் கருவி இருந்தது. 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் பெர்த்தில் இருந்த டாக்டர் ஹாலண்ட் தந்தி வழியாகச் சொல்லச் சொல்ல, போஸ்ட்மாஸ்டர் பேனாக்கத்தியால் அறுவை செய்தார். மயக்கமருந்து கிடையாது. அறுவை தாங்கிய உடல் மலேரியாவைத் தாங்கவில்லை. கப்பல், கார், குதிரை என்று மாறி மாறி வந்த டாக்டர் ஊருக்குள் நுழைந்தபோது நோயாளி இறந்து ஒரு நாள் ஆகியிருந்தது. உலகப்போர்ச் செய்திகளுக்கு நடுவிலும் ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் டார்சியின் கதையை நாள்தோறும் எழுதின.

அந்த ஊருக்குத் தந்திக்கம்பியாவது வந்திருந்தது. அதுவும் எட்டாத பண்ணைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஃபிளின் 1912 முதல் நடத்திவந்த ஆஸ்திரேலிய உள்நாட்டு மிஷன் அந்த மக்களுக்காக ஏற்பட்டது. விமானத்தில் மருத்துவரை அனுப்பலாம் என்ற யோசனையை, பின்னர் போரில் இறந்துபோன கிளிஃபோர்ட் பீல் என்ற இளம் விமானி அவருக்கு 1917இலேயே எழுதியிருந்தார். ஆனால் விமானம் பாதிக் கதைதான். இன்ன இடத்தில் இன்னார் சாகக் கிடக்கிறார் என்று விமானிக்கு யார் சொல்வது?

ஓர் எஞ்சினியர் கேள்வி போலத்தான் இது தெரிகிறது. அதற்குள் பழைய சமயக் கேள்வி ஒன்றும் இருக்கிறது. லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் ஒரு சட்டவல்லுநர் இயேசுவிடம் தன் அயலான் யார் என்று கேட்கிறார். பதிலாக நல்ல சமாரியன் கதை வருகிறது. அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்துவிட்டு ஆசாரியனும் லேவியனும் விலகிப் போகிறார்கள். அந்நியனான சமாரியன் நிற்கிறான். பிரசங்கிகள் காலங்காலமாக அந்த இரண்டு பேரையும் காய்ச்சி எடுத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் குற்றம் தெளிவானது: பார்த்தார்கள், போனார்கள். அடிபட்டவன் கண்ணில் பட்டுவிடுவானோ என்று முன்னதாகவே வேறு பாதையில் போய்விட்டவன் ஒருவன் இருந்திருப்பான். கதையில் அவன் வருவதில்லை. அவன் மேல் பழி உண்டா? கேட்கும் தூரத்தில் இருப்பதே ஒரு கடமையா, அல்லது காதில் விழுந்த பிறகுதான் கடமை தொடங்குகிறதா? ஃபிளின் தன் வண்டியில் ஏற்றியது இந்தக் கேள்வியைத்தான்.

கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவரும் பிற்காலத்தில் இதே வழியில் வந்தார். மெல்போர்னில் பிறந்த பீட்டர் சிங்கர், கிழக்கு வங்காள அகதிகள் இந்தியாவுக்குள் குவிந்துகொண்டிருந்தபோது எழுதி 1972இல் வெளியான கட்டுரையில், தூரம் என்பது ஒழுக்கக் கணக்கில் சேராது என்று வாதிட்டார். கண்முன் குளத்தில் மூழ்கும் குழந்தையைத் தூக்குவது கடமையென்றால், உலகின் மறுகோடியில் பட்டினி கிடப்பவருக்கு உதவுவதும் கடமைதான். செய்தியும் உதவியும் விரைவாகப் போகும் காலத்தில் தூரத்தைச் சாக்குச் சொல்ல முடியாது என்பது அவர் வாதம். வலுவான வாதம், ஆனால் அதில் ஓர் இடைவெளி உண்டு. சிங்கரின் உலகில் அகதியைப் பற்றிக் கொடுப்பவர் படித்துத் தெரிந்துகொள்கிறார், அகதி அவரைக் கூப்பிடுவதில்லை. கூப்பிட வழி இருந்தால் உறவே வேறு. எதைப்பற்றி, எப்போது என்பதைக் கூப்பிடுகிறவர் தீர்மானிப்பார்.

ஃபிளின் அந்த வழியைக் கட்டித் தரும் ஆளைத் தேடினார். அடிலெய்டில் ஆல்ஃபிரெட் டிரேகர் கிடைத்தார். 1926 நவம்பரில் இருவரும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வந்தார்கள். மிஷன் அங்கே புதிதாகக் கட்டியிருந்த அடிலெய்டு ஹவுஸ் மருத்துவ விடுதியின் பின்புறம் கல்லால் கட்டிய ஒரு சிறு அறையில் ஒரு நிலையம். ஹெர்மன்ஸ்பர்க்கில் லூத்தரன் மிஷனில் இன்னொன்று. பேச்சு போனது. ஆனால் பேட்டரிகள் கனமானவை, விலையும் அதிகம். எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படி ஆகாது.

டிரேகர் கண்ட தீர்வு சைக்கிள் பெடல். உட்கார்ந்து மிதித்தால் ஒரு சாதாரண மனிதர் சிரமமில்லாமல் 20 வாட் மின்சாரம் எடுக்கலாம் என்று அவர் கணக்கிட்டார். கை இரண்டும் மோர்ஸ் அடிக்க விடுபட்டிருக்கும். 1929இல் குயின்ஸ்லாந்தின் அகஸ்டஸ் டவுன்ஸ் பண்ணையில் முதல் பெடல் வானொலி அமர்ந்தது. அதற்கு ஓராண்டு முன்னால், 1928 மே மாதத்தில், கிளன்கரியிலிருந்து மிஷனின் முதல் பறக்கும் மருத்துவர் கிளம்பியிருந்தார். மோர்ஸ் கற்க நேரமில்லாத பண்ணைப் பெண்களுக்காக டிரேகர் தட்டச்சுப் பொறி போன்ற ஒரு விசைப்பலகையும் செய்தார். எழுத்தைத் தட்டினால் அதுவே மோர்ஸாக மாறிப் போகும். சில ஆண்டுகளில் குரலே போகத் தொடங்கியது.

வண்டியில் வானொலி பொருத்தும் வேலை அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பிக்கப்பை ‘யூட்’ என்பார்கள். அதன் பிறப்புக்கும் ஒரு கோயில் தொடர்பு சொல்வதுண்டு. ஞாயிறு தேவாலயத்துக்கு நனையாமல் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிப் போகவும் ஒரே வண்டி வேண்டும் என்று விக்டோரியா மாநில விவசாயி ஒருவரின் மனைவி ஃபோர்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதினாராம். ஜீலாங் தொழிற்சாலையின் லூ பாண்ட் அதற்கேற்ப வரைந்த வண்டி 1934இல் வெளிவந்தது.

இன்று அப்படி ஒரு யூட்டில் ஹாம் ரேடியோ எனும் அமெச்சூர் வானொலியைப் பொருத்துகிறவர் டிரேகர் கேட்ட அதே கேள்வியில் தொடங்குகிறார்: மின்சாரம் எங்கிருந்து? 100 வாட் ஷார்ட்வேவ் செட் ஒன்று பேசும்போது 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட் அதற்குத் தாங்காது. பேட்டரியிலிருந்தே தடித்த கேபிள், பேட்டரிக்கு ஒட்டியே ஃபியூஸ், எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் துளையில் கேபிள் உரசாதபடி ரப்பர் வளையம். இப்போதைய வண்டிகள் பலவற்றில் நெகட்டிவ் முனையில் மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் ஒன்று இருக்கிறது; அங்கே நேராக மாட்டாமல் சேசிஸில் எர்த் எடுப்பதுதான் சரி. செட்டை ஏர்பேக் விரியும் பாதையில் வைக்கக் கூடாது.

பிறகு ஆன்டெனா. ஏழு மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 40 மீட்டருக்கு மேல். அதில் கால்பங்கு வைத்தாலே 10 மீட்டர் உயரக் கம்பி. எந்தச் சாலையில் போவது? அதனால் இரண்டு மீட்டர்க் கம்பியின் அடியிலோ நடுவிலோ ஒரு சுருளைப் போட்டு ஈடுகட்டுகிறார்கள். அனுப்பும் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகும். வண்டியின் உடம்பே ஆன்டெனாவின் மறுபாதி என்பதால் தட்டு, கேபின், பானெட், கதவு எல்லாவற்றையும் பட்டைக் கம்பியால் சேசிஸோடு பிணைக்க வேண்டும். இடையில் ரப்பரும் பெயின்ட்டும் இருப்பதால் சுரண்டி, உலோகம் தெரிந்த பிறகே முடுக்க வேண்டும். சிறிய வி.எச்.எஃப். ஆன்டெனாவுக்குக் கூரையின் நடுவே 19 மில்லிமீட்டர் ஓட்டைதான் உத்தமமான இடம். புது வண்டியின் கூரையில் ஓட்டை போடுவதென்றால் எந்த வீட்டிலும் இரண்டு நாள் பேச்சுவார்த்தை நின்றுபோகும். காந்தம் வைத்து ஒட்டலாமே என்றால், அமெரிக்காவில் 2015 முதல் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் உடம்பு அலுமினியம், காந்தம் ஒட்டாது.

எல்லாம் பொருத்தி முடித்து, எஞ்சினை முடுக்கினால் தொடங்குகிறது உண்மையான வேலை. ஆல்டர்னேட்டர் சீழ்க்கை அடிக்கிறது. எரிபொருள் பம்ப் முனகுகிறது. டீசல் இன்ஜெக்டர்கள் தட்டுகின்றன. போன் சார்ஜர் ஒன்று போதும், அலைவரிசை முழுவதும் இரைச்சல். தூரத்திலிருந்து வரும் நலிந்த குரலை மூடுவது பெரும்பாலும் வெளியுலகச் சத்தம் அல்ல, கேட்பவரின் வண்டியேதான். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எது கத்துகிறது என்று கண்டுபிடித்து, ஃபெரைட் வளையம் மாட்டி அடக்க வேண்டும். அனுபவமுள்ள ஹாம்கள் புதியவரிடம் எவ்வளவு தூரம் பேசினாய் என்று கேட்பதைவிட எவ்வளவு கேட்கிறது என்றே கேட்பார்கள். இவ்வளவு பாடும் பேச்சு ஆசைக்காக மட்டும் படுவது என்று நினைத்தால் தவறு. இதில் முக்கால்வாசி காதுக்குச் செய்யும் செலவு.

இப்படிக் காதைத் திறந்து வைத்த பிறகு அதை மூடலாமா? 1912 ஏப்ரல் 14 இரவு, பனிக்கட்டிக் கடலில் எஞ்சினை நிறுத்தி நின்ற கலிஃபோர்னியன் கப்பலில் சிரில் எவன்ஸ் ஒருவர்தான் வயர்லெஸ் ஆபரேட்டர். அருகில் சென்ற டைட்டானிக்கை அவர் எச்சரிக்க முயன்றார். பயணிகளின் தந்திகளை அனுப்புவதில் மூழ்கியிருந்த டைட்டானிக் ஆபரேட்டர், குறுக்கே வராதே என்று அவர் வாயை அடைத்தார். எவன்ஸ் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு 11.35 வாக்கில் செட்டை அணைத்துப் படுத்தார். 11.40க்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. எவன்ஸைவிட மிகத் தொலைவில் கார்பேத்தியா கப்பலில் ஹரால்ட் காட்டம் படுக்கத் தயாராகியும் ஹெட்போனைக் கழற்றாமல் இருந்தார். அந்தத் தற்செயலால் எழுநூறு பேர்போல் பிழைத்தார்கள்.

எவன்ஸ் பாவியா? சட்டப்படி அவர் வேலை நேரம் முடிந்துவிட்டது. நாள் முழுவதும் உழைத்தவர் தூங்கினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் அறியாமையைப் பிரித்துப் பார்த்திருந்தார்: அறிய வழியே இல்லாத அறியாமை பழியை நீக்கும், அறிய வேண்டியதை அசட்டையால் அறியாமல் இருப்பது நீக்காது, பொறுப்பிலிருந்து தப்பவே தெரியாமல் இருந்துகொள்வது பழியைக் கூட்டவே செய்யும். எவன்ஸ் முதல் வகை என்பதே நியாயமான தீர்ப்பு. அதே இரவு அதே கப்பலின் மேல்தளத்தில், டைட்டானிக் விட்ட ராக்கெட்டுகள் வெடிப்பதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். வயர்லெஸ்காரரை எழுப்பிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவர்களை முதல் வகையில் சேர்க்க முடியாது.

அதற்குப் பிறகு வந்த சட்டங்கள் அக்வினாஸ் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது போல இருந்தன. கப்பலில் இரவும் பகலும் யாராவது கேட்டுக்கொண்டிருப்பது கட்டாயமானது. ஆனால் எல்லாரும் ஓயாமல் பேசினால் கேட்டும் பயனில்லை. ஆகவே கப்பல்களின் 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒவ்வொரு மணியிலும் 15ஆம் நிமிடத்திலிருந்து மூன்று நிமிடம், 45ஆம் நிமிடத்திலிருந்து மூன்று நிமிடம், ஆபத்துக் குரல் தவிர எவரும் வாய் திறக்கக் கூடாது என்று விதி வந்தது. வயர்லெஸ் அறைக் கடிகாரத்தில் அந்தப் பகுதிகளுக்குச் சிவப்பு அடித்திருப்பார்கள். அமெரிக்க ஹாம்களிடம் இதன் தம்பி ஒன்று இருக்கிறது: காட்டுவழிப் பயணிகளுக்காக, காலை ஏழு முதல் மாலை ஏழு வரை மூன்று மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் 146.52 மெகாஹெர்ட்ஸில் காது கொடுப்பது. மடங்களில் ஜெப நேரம் குறித்து வைப்பதோடு இதை ஒப்பிடத் தோன்றும். வேறுபாடும் உண்டு, இங்கே வேண்டுபவர் எதிர்முனையில் இருக்கிறார், இவர்கள் கேட்கும் இடத்தில் இருக்கிறார்கள். எப்போதும் கேட்டுக்கொண்டிரு என்பது மனிதரால் ஆகாத கட்டளை. இன்ன நேரத்தில் கேள் என்பது ஆகும்.

ஆஸ்திரேலியப் பண்ணைகளில் நியமமும் இருந்தது, நியமம் மீறிய அரட்டையும் இருந்தது. மருத்துவ அழைப்புகள் முடிந்ததும் வரும் அரட்டை நேரத்துக்கு ‘கலா’ என்ற இரைச்சலான கிளியின் பெயரை வைத்தார்கள். அதில் ஒரு பெண்ணின் பிரசவ வலியும் இன்னொரு வீட்டின் கடன் தொல்லையும் ஆயிரம் மைல் சுற்றளவுக்குப் பொதுச்சொத்து. அந்தரங்கம் கிடையாது. ஹாம் ரேடியோ இன்றைக்கும் அப்படித்தான்: பொருளை மறைக்கும் சங்கேதத்தில் பேசுவது விதிப்படி கூடாது, காசுக்குப் பேசுவதும் கூடாது. அந்தரங்கத்தை உயிராக மதிக்கும் இன்றைய மனதுக்கு இது பிடிக்காது. ஆனால் யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதால்தான் யாராவது பதில் சொல்ல முடிகிறது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம்.

2004 டிசம்பரில் போர்ட் பிளேரில் இருந்த ஒரு குழு இதற்குச் சாட்சி. ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையில் அவர்கள் அந்தமானுக்குப் போனது, உலகமெங்கும் உள்ள ஹாம்கள் அந்த அரிய இடத்தோடு பேசியதாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ள. ஒரு விளையாட்டு, அவ்வளவே. 26ஆம் தேதி காலை பூமி அதிர்ந்து கடல் ஏறியது. தொலைபேசிகள் செயலிழந்த தீவுகளிலிருந்து செய்தி கொண்டுபோகும் வழிகளில் ஒன்றாக அந்த ஆன்டெனா மாறியது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறையாக வாழும் தீவுகள் அவை. நிக்கோபாரில் யார் இருக்கிறார், யார் இல்லை என்ற கேள்விகள் அந்தக் குழுவின் மேல் குவிந்தன. செட்டோடு அங்கே இருந்ததே அவர்களைக் கடனாளிகளாக்கியது. அந்தக் கடனை அவர்கள் தீர்த்தார்கள்.

இதுவரை சொன்னதில் ஃபிளின்னுக்கு வெற்றிதான். ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் அவர் முகம் இருக்கிறது. ஆனால் கேட்கும் தூரத்தை விரிப்பவர், அதன் எல்லையையும் தானே வரைகிறார். ஃபிளின்னின் மிஷன் வெள்ளைக் குடியேறிகளை மனத்தில் வைத்தே கட்டப்பட்டது. பெடல் வானொலி பண்ணை வீட்டின் கூடத்தில் இருந்தது. அந்தப் பண்ணையில் மாடு மேய்த்த பூர்வகுடிக் குடும்பங்கள் கூடத்துக்கு வெளியே இருந்தன. மருத்துவர்கள் பூர்வகுடி நோயாளிகளைப் பார்த்ததும் உண்டு. ஆனால் கூப்பிடும் உரிமை அவர்கள் கையில் இல்லை. அதே பிரெஸ்பிட்டீரியன் சபையைச் சேர்ந்த அடிலெய்டு அறுவை மருத்துவர் சார்ல்ஸ் டூகிட் 1930களில் இதை வெளிப்படையாகச் சாடினார். 1937இல் எர்னபெல்லாவில் பூர்வகுடி மக்களுக்கென்று ஒரு மிஷன் தொடங்கக் காரணமாகவும் இருந்தார்.

ஃபிளின் கொடியவர் அல்லர். தன் காலத்தின் காதோடு கேட்டார் என்று அவருக்காக வாதாடுகிறார்கள். அந்த வாதம் கலிஃபோர்னியனின் எவன்ஸுக்குப் பொருந்தும். இவருக்கு முழுதாகப் பொருந்தாது. ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் அரேர்ன்டெ என்ற பூர்வகுடி மக்கள் நடுவில் இருந்தது. அங்கே செட் பொருத்தப்பட்டபோது அவர்கள் அவர் கண்முன்னால்தான் இருந்தார்கள்.

1951இல் ஃபிளின் இறந்தார். அஸ்தி ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வெளியே புதைக்கப்பட்டது. மேலே வைக்க, சுமார் 400 கிலோமீட்டர் வடக்கே கார்லு கார்லுவிலிருந்து பல டன் எடையுள்ள உருண்டைப் பாறை ஒன்றை அதிகாரிகள் பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். அது அங்குள்ள பூர்வகுடி மக்களுக்குப் புனிதமான கல். எடுத்தவர்கள் யாரையும் கேட்கவில்லை. கல்லைத் திருப்பித் தரும்படி அந்த மக்கள் பல ஆண்டுகள் கேட்டார்கள். 1999இல் அது பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கு ஈடாகக் கல்லறைக்கு வேறொரு பாறையைக் கொடுத்தவர்கள் அரேர்ன்டெ மக்கள். ஃபிளின் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவை இன்று தொலைதூரப் பூர்வகுடி ஊர்களுக்கும் போகிறது, அங்கிருந்து வரும் அழைப்பையும் எடுக்கிறது.